பட்ட கிளைக்கு ஏழு கையெழுத்து

கிட்வாய் நகரில் நாங்கள் இருந்த பிளாக்கில் பதினாறு குடித்தனங்கள். அதில் பதினொன்று தமிழ்க் குடும்பங்கள். எல்லோரும் மத்திய சர்க்கார் ஊழியர்கள். எந்தக் காகிதத்தை எந்த ஃபைலில் போட்டால் அது வெளியே வராது என்று அறிந்தவர்கள். ஆனால் வாசலில் நிற்கும் மரத்தைப் பார்த்து அதில் எந்தக் கிளை உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று சொல்லத் தெரியாது. நானும் அப்படித்தான். என் பெயர் சேஷன். ஆபீஸில் அப்பர் டிவிஷன் கிளார்க், பிளாக்கில் 'சேஷு'. சொல்லப்போவது வள்ளியம்மையின் கதை. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் லட்சணத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வள்ளியம்மைக்கு சேலம் ஜில்லாவில் ஆத்தூர் பக்கம். ஏஷியாடு விளையாட்டுக்காக டில்லியெங்கும் பாலம் கட்டிக்கொண்டிருந்த எண்பத்தொன்றாம் வருஷம், ஒரு மேஸ்திரி முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினான். அதில் அவளும் அவள் புருஷன் வேணுவும் இருந்தார்கள். வேணு நல்ல உழைப்பாளி. ஆனால் வந்த இரண்டாவது வாரம் சாரத்தில் ஏறியவன் பாதி உயரத்தில் கம்பத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இரண்டு ஆட்கள் ஏறி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கினார்கள். மற்றவர்கள் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். வள்ளியம்மை சிரிக்கவில்லை. "அவருக்கு உசரம் ஒத்துக்காதுங்க" என்பாள், சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்பதைப் போல.

மறு வருஷம், விளையாட்டுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவதற்கு முன் சாலையோர மரங்களை அழகுபடுத்த ஒரு கூட்டம் கிளம்பியது. வெட்டிய கிளைகளை அள்ளிப்போடும் வேலைக்கு வள்ளியம்மை போனாள். ஒரு நாள் மரமேறும் ஆள் வரவில்லை. மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, அவள் புருஷனின் பழைய பேண்டை மாட்டி அதன்மேல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். யாரும் அவளை ஏறச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் வேலை முடிய வேண்டும் என்பது மட்டும்தான் மேஸ்திரியின் கவலை.

அன்றைக்கே அவளுக்கு அடியும் பட்டது. பருத்த கிளையொன்றை மேலிருந்து மட்டும் அறுத்தாள். பாதி அறுபட்டதும் அது பாரம் தாங்காமல் முறிந்து, அடிமரத்தின் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு ஊஞ்சல் போல வந்து அவள் தோளில் மோதியது. கீழே விழாமல் தொங்கியது அவள் கைகளின் பலம். அதற்குப் பிறகு எந்தக் கிளையையும் முதலில் அடிப்பக்கம் நாலு இழுப்பு அறுத்துவிட்டுத்தான் மேலே ரம்பத்தை வைப்பாள். கடைசியில் மிஞ்சும் கட்டையை, அடிமரத்தோடு அது சேரும் இடத்தில் இருக்கும் தடித்த வளையம் சேதப்படாமல் எடுப்பாள். வளையத்தை விட்டு வெட்டினால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும், முளை போலக் கட்டையை விட்டுவைத்தால் தண்ணீர் இறங்கி உள்ளே உளுத்துப்போகும் என்பதெல்லாம் வெட்டிய மரங்களை மறுபடி மறுபடி போய்ப் பார்த்து அவளே கண்டுபிடித்தது.

ஏஷியாடு முடிந்தது. வந்த கூட்டத்தில் பாதி ஊர் திரும்பியது. இவர்கள் காலனிக்குப் பின்னால் ஓடும் நாலாவின், அதாவது சாக்கடைக் கால்வாயின், கரையில் குடிசை போட்டுக்கொண்டு தங்கினார்கள். வேணு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அரிசி மூட்டை தூக்கினான். வள்ளியம்மை எங்கள் பிளாக்கில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அந்த இரண்டில் ஒன்று பூவராகவன் வீடு.

பூவராகவனுக்குப் பூர்வீகம் ஸ்ரீமுஷ்ணம். ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். எங்கள் பிளாக்கின் குடியிருப்போர் சங்கத்துக்குக் காரியதரிசி. அந்தப் பதவிக்கு வேறு யாரும் ஆசைப்படாததால் ஒன்பது வருஷம் அவரே இருந்தார். வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் வண்டி வந்து நின்றால்கூட, வண்டி வந்ததை முதலில் பதிவு செய்துவிட்டுத்தான் டின்னை எடுப்பார். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். நமக்குப் பின்னால் மேலதிகாரி ஒருவர் நிற்பது போல அங்கே பார்த்துப் பேசுவார். நாங்கள் அவரை முதுகுக்குப் பின்னால் பரிகாசம் செய்தோம், எதிரில் 'சார்' போட்டோம்.

எண்பத்தைந்து மார்ச்சில் சங்கம் ஒரு மகஜர் தயாரித்தது. பிளாக்கைச் சுற்றியுள்ள வேப்பமரங்களில் பதினான்கு கிளைகள் பட்டுப்போய் ஆபத்தான நிலையில் இருப்பதாகவும், உடனே அகற்ற வேண்டும் என்றும், மரங்களுக்குப் பொறுப்பான ஆபீஸுக்கு எழுதினோம். டில்லி வேம்பு மார்ச்சில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். இருபது வருஷமாக அந்த மரங்களின் கீழேதான் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினான்கில் ஆறு, குளிர்காலத்தில் எங்கள் பால்கனிகளுக்கு வெயிலை மறைத்த கிளைகள். அவை உயிரோடு இருந்தன என்பது எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரியும். மகஜரில் கையெழுத்துப் போட்டவர்கள் பதினொரு பேர். என் கையெழுத்து நாலாவது.

வள்ளியம்மை பாத்திரம் தேய்த்துவிட்டு வெளியே வந்தபோது பூவராகவன் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு மரங்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டாள். சொன்னார். அவள் ஒரு தாழ்ந்த கிளையை வளைத்துக் கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினாள். உள்ளே பச்சை.

"இது தூங்குதுங்க சாமி. சித்திரையில எந்திரிச்சுக்கும்" என்றாள்.

அப்புறம் எல்லா மரங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அரிவாளின் பின்புறத்தால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, நிஜமாகச் செத்தவை மூன்றுதான் என்றாள். பார்க் மூலை மரத்தில் ஒன்று, ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் ஒன்று, பூவராகவனின் வாசலுக்கு நேர் மேலே ஒன்று. பூவராகவனுக்கு முகம் சிறுத்துப்போனது. பதினொரு சர்க்கார் ஊழியர்கள் கையெழுத்திட்ட லிஸ்டைப் பாத்திரம் தேய்க்கிறவள் திருத்துவதாவது. மகஜர் பதினான்கு கிளைகளோடேயே போனது. விஷயம் பரிசீலனையில் இருப்பதாக மூன்று வாரம் கழித்து ஒரு வரி பதில் வந்தது. அதற்குள் மரங்கள் தளதளவென்று துளிர்த்து, பதினான்கில் பதினொன்று எங்களைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தன.

ஏப்ரல் கடைசியில் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்து மரத்திலிருந்து தொடை பருமனுக்கு ஒரு துண்டு விழுந்து என் ஸ்கூட்டரின் சீட்டைக் கிழித்தது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் நான் அதை விட்டு இறங்கியிருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பூவராகவன் வீட்டு வராந்தாவில் நானும் அவரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். வள்ளியம்மை வந்தாள். ஆபீஸ்காரன் வர ஆறு மாசமாகும், நீயே மூன்றையும் வெட்டிவிடு என்று பூவராகவன் அவளிடம் சொன்னார். கூலி வேண்டாம், கட்டையை எனக்கு விட்டுவிடுங்கள், மழைக்காலத்துக்கு விறகாகும் என்றாள் அவள்.

"எடுத்துண்டு போ. யார் கேக்கப்போறா? நான் இருக்கேன், பாத்துக்கறேன்" என்றார் பூவராகவன்.

ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. நான் அவருக்கு நாலு அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு அவள் வேலை செய்ததைப் பார்க்கப் பிளாக்கே கூடியது. செத்த கிளையில் அவள் கால் வைக்கவே இல்லை. உயிருள்ள கவையில் நின்று, இடுப்புக் கயிற்றை அதற்கும் மேலே இருந்த பச்சைக் கொம்பில் கட்டிக்கொண்டு, எட்டி அறுத்தாள். கீழே வேணு கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான். மேலே ஏறத்தான் அவனால் முடியாது. கீழே நின்று கயிறு விடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஸ்கூட்டர் மரத்துக் கிளையும் பார்க் மூலைக் கிளையும் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலத் தரைக்கு வந்தன. மாடிக் குடித்தனத்துப் பெண்கள் மட்டும் பேண்ட் போட்ட பொம்பளை ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கிறாள் என்று திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, திரையின் இடுக்கு வழியாக அவளைப் பார்த்தார்கள்.

மூன்றாவதற்கு அவள் ஏறுவதற்குள் சௌத்ரி வந்துவிட்டான். அந்த வட்டாரத்துத் தோட்டக்காரர்களுக்குத் தலைவன் அவன். வெட்டிய கட்டைகளை மரக்கடைக்கு விற்று வாழ்கிறவன் என்பது காலனியில் எல்லோருக்கும் தெரியும். கூடவே பீட் கான்ஸ்டபிளை அழைத்து வந்திருந்தான். சர்க்கார் மரத்தை வெட்டித் திருடுகிறாள் என்பது புகார்.

யார் வெட்டச் சொன்னது என்று கான்ஸ்டபிள் கேட்டார். வள்ளியம்மை பூவராகவனைக் காட்டினாள். பூவராகவன் இரண்டு அடி பின்னால் போனார். சங்கம் முறைப்படி ஆபீஸுக்கு எழுதியிருக்கிறது, அதன் நகல் தன்னிடம் இருக்கிறது, இந்தப் பெண்ணிடம் தான் எதுவும் சொல்லவில்லை என்றார். நகலை எடுத்து வந்தும் காட்டினார்.

வள்ளியம்மை என் பக்கம் திரும்பினாள். "இந்த சாரும் கூட இருந்தாருங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு."

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். பூவராகவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். அவருடைய அமைச்சகமும் என்னுடையதும் ஒரே கட்டடம். அந்த வருஷம் என் குவார்ட்டர்ஸ் மாற்ற மனு ஒரு மேஜையில் கிடந்தது. அந்த மேஜைக்காரர் பூவராகவனின் சிநேகிதர். இதையெல்லாம் யோசித்து முடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், சரியாகக் காதில் விழவில்லை என்று ஹிந்தியில் சொன்னேன். என் ஹிந்தி என்றும் இல்லாத சுத்தத்தோடு அன்று வெளியே வந்தது.

அவள் அழவோ திட்டவோ இல்லை. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "சலோ பையா" என்று கான்ஸ்டபிளுக்கு முன்னால் நடந்தாள். போலீஸ் சௌகியில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வைத்திருந்துவிட்டு எச்சரித்து அனுப்பினார்கள். ரம்பமும் கயிறும் திரும்பி வரவில்லை. கட்டைகளை அன்று பிற்பகலே சௌத்ரி ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அந்த சர்க்கார் சொத்து எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பிளாக்கில் இரண்டு வீட்டு வேலையும் அவளுக்குப் போயிற்று. திருட்டுக் கேஸில் மாட்டியவளை எப்படிச் சமையலறைக்குள் விடுவது என்று பூவராகவனின் மனைவி ரங்கநாயகி கேட்டாள். என் மனைவி காமாக்ஷி என்னிடம் நான்கு நாள் பேசவில்லை. அதற்கும் நான் வேறு காரணம் கற்பித்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் அவள் எங்கள் பிளாக் பக்கமே வரவில்லை. வேறு ரம்பம் வாங்கிக்கொண்டு எங்கோ வேலை செய்கிறாள் என்று மார்க்கெட்டில் வேணு சொன்னான். என்னைப் பார்த்தால் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விடுவான்.

எண்பத்தாறு மே மாதம் ஒரு சாயங்காலம் ஆந்தி அடித்தது. டில்லிப் புழுதிப் புயல் பழகியவர்களுக்கே அது கொஞ்சம் அதிகம்தான். விடிந்து பார்த்தால், பூவராகவன் வாசலுக்கு நேர் மேலே இருந்த செத்த கிளை அடியோடு முறிந்து, ஆனால் விழாமல், ஒரு கவையில் ஒரு முனையும் டெலிபோன் கம்பியில் மறுமுனையும் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றசைந்தால் முனகியது. கீழே நடைபாதையும் படிக்கட்டும்.

அன்றைக்குப் பூவராகவனின் பெண் ஜலஜாவைப் பார்க்கப் பத்து மணிக்குப் பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பையன் திருச்சியில் இன்ஜினீயர். கரோல்பாகில் உறவினர் வீட்டில் வந்து இறங்கியிருந்தார்கள். பூவராகவன் ஆபீஸுக்குப் போன் செய்தார். விடுமுறை, யாரும் எடுக்கவில்லை. சௌத்ரியைத் தேடி ஆள் அனுப்பினார். அவன் வந்து அண்ணாந்து பார்த்து, இதற்கு மேலிருந்து உத்தரவு வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். பிள்ளை வீட்டாரைப் பின்பக்கச் சந்து வழியாக அழைத்துவரலாமா என்று யோசனை வந்தது. அங்கே குப்பைத் தொட்டி இருக்கிறது, அதைத் தாண்டி வந்து என் பெண்ணைப் பார்ப்பார்களா என்று ரங்கநாயகி கேட்டாள். சங்கத்தின் ஏழு கமிட்டி உறுப்பினர்களும் கூடி நின்று கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு பேர் பார்த்தால் அது பயந்து விழுந்துவிடும் என்பது போல.

"சேஷு, நீ போய் அவளைக் கூட்டிண்டு வா" என்றார் பூவராகவன். அவள் பெயரைச் சொல்லவில்லை.

நான் போனேன். நாலாக் கரையில் அவள் குடிசை வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வந்த விஷயத்தைச் சொன்னேன். எந்தக் கிளை என்று கேட்டாள். வாசலுக்கு நேரே இருப்பது என்றதும், அது போன வருஷமே செத்ததாயிற்றே என்று மட்டும் சொல்லி உலையை இறக்கி வைத்தாள். வேணு போகக் கூடாது என்றான். அவள் கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

வந்தவள் மரத்தை மூன்று முறை சுற்றினாள். பிறகு பூவராகவனிடம், "எழுதிக் குடுங்க" என்றாள்.

பூவராகவனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். இந்தக் கிளையை வெட்டச் சொன்னது இன்னார், கட்டையை எடுத்துக்கொள்ளச் சொன்னது இன்னார் என்று காகிதத்தில் வேண்டும். ஹிந்தியில் வேண்டும், போலீஸ்காரன் படிக்க வேண்டும். கீழே கமிட்டி ஆட்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஆபத்து சமயத்துல பேப்பர் எதுக்கு? நான் வாயால சொல்றேனே, போறாதா?"

"போதாதுங்க."

"கட்டை கவர்மென்ட் சொத்து. அதை நான் எப்படி உனக்கு எழுதித் தர முடியும்?"

"அப்ப கவர்மென்டையே வந்து எறக்கச் சொல்லுங்க" என்று அவள் எதிர் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ள ஆரம்பித்தாள்.

மணி எட்டரை. நாங்கள் வராந்தாவில் கமிட்டி கூட்டினோம். 'வெட்டச் சொன்னோம்' என்று எழுதுவதா, 'வெட்ட ஆட்சேபமில்லை' என்று எழுதுவதா என்று கால் மணி நேரம். 'கட்டை' என்பதற்குப் பதில் 'கழிவு' என்று போட்டால் சர்க்கார் சொத்து ஆகாது என்று ஒருவர் கண்டுபிடித்தார். அதற்காக அவரைப் பாராட்டினோம். பாதியில் யாருக்கோ, ஹிந்தியில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை என்பது ஞாபகம் வந்தது. இருபது வருஷம் டில்லியில் இருந்து காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் கற்றிருந்தோம்.

ஜலஜா உள்ளேயிருந்து வந்தாள். பட்டுப்புடவை பாதி கட்டியிருந்தது, தலையில் பூ. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் எழுத வராது, ஹிந்தியில் காலேஜ் பரிசு வாங்கியவள். அப்பா கையிலிருந்த காகிதத்தை வாங்கிக் கசக்கிப் போட்டுவிட்டு, வேறு தாள் எடுத்துக்கொண்டு நேரே வள்ளியம்மையிடம் போய்ப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினாள். எழுதியதைப் படித்துக் காட்டினாள். 'ஆட்சேபமில்லை' எதுவும் அதில் இல்லை. வெட்டச் சொன்னது நாங்கள், கட்டை அவளுடையது, அவ்வளவுதான்.

பூவராகவன் கையெழுத்துப் போட எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு மரத்தையே அறுத்திருக்கலாம். அவருக்குப் பின் ஐந்து பேர் போட்டார்கள். நான் கொஞ்சம் ஒதுங்கி நின்றேன். வள்ளியம்மை காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும்.

"ஆறுதான் இருக்குது. போன வருசம் காதுல விழாதவரும் போடட்டும்" என்றாள்.

போட்டேன். ஜலஜா காகிதத்தை மடித்து வள்ளியம்மையிடம் கொடுத்தாள்.

முறிந்து தொங்கும் கிளையை இறக்குவது நிற்கும் கிளையை வெட்டுவதைவிட மோசமான வேலை. எந்தப் பக்கம் சரியும் என்று அதற்கே தெரியாது. வள்ளியம்மை பக்கவாட்டில் ஏறி, கயிற்று நுனியில் கல்லைக் கட்டிக் கவைக்கு மேல் வீசி, கிளையை இரண்டு இடத்தில் கட்டினாள். வேணு கீழே அடிமரத்தில் சுற்றிப் பிடித்தான். கனம் அவன் ஒருவனால் தாங்கக்கூடியதல்ல. "யாராச்சும் ஒரு கை குடுங்க" என்று மேலிருந்து குரல் வந்தது. நாங்கள் ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவருக்கு ஹெர்னியா, ஒருவருக்கு ரத்த அழுத்தம். மற்றவர்களுக்கு வேட்டி.

அந்த நேரத்தில் டாக்ஸி வந்து நின்றது. பிள்ளை வீட்டார் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். பூவராகவன் ஓடிப்போய் டாக்ஸி கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டு, சின்ன நிர்வாக ஏற்பாடு நடக்கிறது என்று இளித்தார். இன்னொரு பக்கக் கதவைத் திறந்து பையன் இறங்கினான். அண்ணாந்து பார்த்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு வேணுவுக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தான். மேலே வள்ளியம்மை கவையில் மாட்டியிருந்த மரநாரை அறுத்தாள். கிளை ஒரு ஆட்டம் ஆடி, கம்பியை விட்டு விலகி, இருவர் கையில் கட்டுப்பட்டு அங்குலம் அங்குலமாகத் தரைக்கு இறங்கியது. படிக்கட்டில் ஒரு சுள்ளிகூட விழவில்லை. பிறகு அவள் முறிந்த இடத்துப் பிசிறுகளை அறுத்து, வளையத்தை விட்டுச் சீராக்கிவிட்டுத்தான் இறங்கினாள். அதை யாரும் கேட்கவில்லை.

பையன் கையெல்லாம் கயிற்றுத் தடத்தோடு உள்ளே போய் ஜலஜாவைப் பார்த்தான். கல்யாணம் ஆவணியில் நடந்தது.

சௌத்ரி வாசனை பிடித்துக்கொண்டு மதியம் வந்தான். வள்ளியம்மை காகிதத்தைக் கொடுத்தாள். ஏழு கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தான். பாதியாவது கொடு என்றான். அவள் கட்டைகளைக் கட்டிய கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

போனவன் சும்மா இருக்கவில்லை. இரண்டு மாதத்தில் பூவராகவனுக்கு ஒரு மெமோ வந்தது. சர்க்கார் சொத்தை மூன்றாம் நபருக்கு எழுதிக் கொடுக்க உமக்கு அதிகாரம் அளித்தது யார் என்று. அவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கூலிக்காரப் பெண் நிர்ப்பந்தித்துக் கையெழுத்து வாங்கினாள் என்று பன்னிரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். எங்களிடமும் அதே மாதிரி எழுதித்தரச் சொன்னார். ஐந்து பேர் தந்தார்கள். நான் தரவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அதற்குள் என் குவார்ட்டர்ஸ் மாற்றம் கிடைத்துவிட்டிருந்தது. பதினான்கு கிளை மகஜருக்கு ஆபீஸ் ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று யாரோ அந்த ஃபைலில் கேட்டு வைக்க, இரண்டு பக்கமும் பயந்து ஃபைலை மூடினார்கள். பின்னாளில் பூவராகவன் அந்தக் காலையைப் பற்றி, தான் துணிந்து முடிவெடுத்துச் சமாளித்ததாகப் புது ஆட்களிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் அதை நம்பியே சொன்னார்.

ஜலஜா திருச்சிக்குப் போவதற்கு முன், இடமும் பெயரும் எழுத வெற்றிடம் விட்டு அதே காகிதத்தைப் பத்துப் பிரதி எழுதி வள்ளியம்மையிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு எந்தக் காலனியில் கூப்பிட்டாலும் முதலில் கையெழுத்து, அப்புறம்தான் கயிறு. முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர்களுடைய கிளைகள் அவர்கள் தலைக்கு மேலேயே இருந்தன. சாணக்யபுரியில் ஒரு மாநில விருந்தினர் மாளிகையின் மானேஜர் ராஜமாணிக்கம், வளாகத்து நாவல் மரங்களை அவள் பொறுப்பில் விட்டார். ஒரு கான்ட்ராக்டர் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்று வந்தான். மரமேறும் வேலைக்குப் பெண் பெயரைப் பதிய முடியாது, வேணு பெயரில் வேலை செய் என்றான். அவருக்குத்தான் உசரம் ஒத்துக்காதே, ஏறாத ஆளு பேரு எதுக்கு என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

எண்பத்தெட்டில் எனக்கு மெட்ராஸுக்கு மாற்றல் வந்தது. சாமான் கட்ட ஆரம்பித்த வாரம், ஐ.என்.ஏ. பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். தோளில் கயிற்றுச் சுருள், கோணியில் சுற்றிய ரம்பம். ஊருக்குப் போகிறேன் என்றேன். சரிங்க என்றாள். பஸ் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, அன்றைக்குப் போலீஸ்காரரிடம் நான் சொன்னது என்று ஆரம்பித்தேன்.

"உங்க காதுல விழுந்துதுன்னு எனக்குத் தெரியுமுங்க. உங்களுக்கும் தெரியும். வேற என்னங்க பேசறது?" என்றாள்.

அவள் குரலில் கோபமில்லை. இருந்தது வேறொன்று. தட்டிப் பார்த்து ஒதுக்கிவைத்த ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிற குரல். சாணக்யபுரி பஸ் வந்தது. கண்டக்டர் கயிற்றையும் கோணியையும் பார்த்து முணுமுணுத்தான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியபோது அவள் சாலையோரத்து மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பெட்டிகளுக்கு ஆணி அடித்தேன்.